திருட்டுப்போன கணினியின் மென்பொருள் உரிமத்தைப் புதிய கணினிக்கு மாற்றுதல்

மென்பொருள் உரிம மாற்றம் என்பது, ஒரு கணினியில் பயன்படுத்துவதற்காக விலை கொடுத்துப் பெற்ற மென்பொருள் உரிமத்தை வேறொரு கணினியில் பயன்படுத்தும்படி மாற்றிக்கொள்வதாகும். பழைய கணினி கையில் இருந்தால் இது எளிய வேலை. அதில் உரிமத்தை விடுவித்துவிட்டுப் புதிய கணினியில் மீண்டும் செயல்படுத்தினால் போதும். கணினி திருட்டுப்போய்விட்டால் விடுவிக்கும் அந்த முதல் படியே நடக்க வழியில்லை. அப்போது உரிமத்தை மீட்க முடியுமா என்பதை இரண்டு செய்திகள் முடிவு செய்கின்றன. ஒன்று, வாங்கிய உரிமம் எந்த வகையைச் சேர்ந்தது என்பது. மற்றொன்று, அது தம்முடையது என்று காட்டும் சான்றுகளை உரிமையாளர் கணினிக்கு வெளியே வைத்திருந்தாரா என்பது.

கணினியும் உரிமமும்

கடையில் மென்பொருள் வாங்குவதாகப் பொதுவாகச் சொல்கிறோம். உண்மையில் வாங்குவது அதைப் பயன்படுத்தும் அனுமதியை மட்டுமே. மென்பொருளின் பதிப்புரிமை அதை உருவாக்கிய நிறுவனத்திடமே இருக்கிறது. எத்தனை கணினிகளில், யார், எவ்வளவு காலம் பயன்படுத்தலாம் என்பதை உரிம ஒப்பந்தம் வரையறுக்கிறது. நிறுவும்போது 'ஒப்புக்கொள்கிறேன்' என்று சொடுக்கும் பக்கத்தில் இருப்பது அந்த ஒப்பந்தமே.

ஆகவே திருடன் எடுத்துச் செல்வது கணினியையும் அதில் பதிந்துள்ள படியையும்தான். அனுமதி யாருக்கு வழங்கப்பட்டதோ அவரிடமே இருக்கிறது. ஆனால் சில உரிமங்கள் ஆளுக்கு அல்லாமல் குறிப்பிட்ட கணினிக்கே வழங்கப்படுகின்றன. அவை கணினியோடு போய்விடும்.

செயல்படுத்தல் நடைபெறும் முறை

ஒரே மென்பொருளைப் பலர் படியெடுத்துப் பயன்படுத்துவதைத் தடுக்க ஆக்டிவேஷன் எனப்படும் செயல்படுத்தல் முறை கொண்டுவரப்பட்டது. மைக்ரோசாப்ட் நிறுவனம் 2001-இல் வெளியிட்ட விண்டோஸ் எக்ஸ்பி மூலம் இது பொதுமக்களுக்குப் பரவலாக அறிமுகமாயிற்று.

மென்பொருளை நிறுவியதும் அது கணினியின் தாய்ப்பலகை, வட்டு, வலையமைப்பு அட்டை போன்ற பாகங்களின் அடையாளங்களைச் சேர்த்து ஒரு குறியீட்டை உருவாக்குகிறது. இது அந்தக் கணினியின் கைரேகை போன்றது. இந்தக் குறியீடும் உரிமத்தின் திறவெண்ணும் நிறுவனத்தின் சேவையகத்தில் பதிவாகின்றன. அதே திறவெண்ணை வேறொரு கணினியில் இட்டால் கைரேகை பொருந்துவதில்லை. சேவையகம் அதை இரண்டாவது கணினியாகக் கணக்கிடும். ஒரு கணினிக்கான உரிமமாக இருந்தால், அனுமதிக்கப்பட்ட எண்ணிக்கை முடிந்துவிட்டதாகச் செய்தி வரும்.

பழைய கணினி திருட்டுப்போனது சேவையகத்துக்குத் தெரியாது. அதைத் தெரிவித்துப் பழைய பதிவை நீக்கச் செய்வதே உரிம மாற்றத்தின் மையமான வேலை.

காஞ்சிபுரம் பட்டு நெசவில் மென்பொருள்

காஞ்சிபுரத்திலும் அதைச் சேர்ந்த ஓரிக்கை போன்ற நெசவுப் பகுதிகளிலும் சேலையின் கரை, முந்தானை, புட்டா ஆகியவற்றின் வடிவங்கள் முன்பு வரைபடத் தாளில் கட்டம் கட்டமாகக் கையால் வரையப்பட்டன. அந்தக் கட்டங்களைப் பார்த்து அட்டையில் துளையிட்டு, அட்டைகளைக் கோத்துத் தறியின் மேலுள்ள ஜக்கார்டு பெட்டியில் மாட்டுவார்கள். 1804-ஆம் ஆண்டளவில் பிரான்சின் லியோன் நகரில் ஜோசப் மரி ஜக்கார்டு உருவாக்கிய முறையின் வழிவந்தது இது. இன்று வரைபடத்தைக் கணினியில் வரைவதும், அதிலிருந்தே அட்டை அடிப்பதும் வழக்கத்துக்கு வந்துவிட்டன. மின்னணு ஜக்கார்டு பொருத்திய தறிகளில் அட்டையே தேவையில்லை.

இந்த இரண்டு முறைகளுக்கும் இழப்பில் வேறுபாடு உண்டு. அட்டைக் கட்டு களவு போனால் வரைபடத் தாளைப் பார்த்து மறுபடியும் அடித்துக்கொள்ளலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. கணினி களவு போனால் வடிவக் கோப்புகளின் நகல் பத்திரமாக இருந்தாலும், அவற்றைத் திறக்கும் மென்பொருள் செயல்படும்வரை வேலை நடக்காது. வடிவமைப்பாளர் காத்திருக்கும் நாட்களில் அவரை நம்பியிருக்கும் தறிகளும் காத்திருக்க நேரிடும். முகூர்த்த நாட்களை முன்னிட்டுத் தரப்பட்ட ஆர்டராக இருந்தால் இந்தத் தாமதம் நெசவாளரின் கூலியைப் பாதிக்கும்.

உரிம வகைகள்: ஓர் எடுத்துக்காட்டு

ஓரிக்கையில் வீட்டிலிருந்தபடியே பட்டுச் சேலைக்கு வடிவமைப்புச் செய்யும் ஒருவரின் மடிக்கணினி திருட்டுப்போயிற்று என்று கொள்வோம். அதில் விண்டோஸ் இயங்குதளம், அலுவலக மென்பொருள், படம் வரையும் மென்பொருள், ஜக்கார்டு வடிவமைப்பு மென்பொருள், கணக்கு எழுதும் டேலி ஆகிய ஐந்தும் இருந்தன. அவர் ஐந்துக்கும் பணம் கொடுத்திருக்கிறார். ஆயினும் ஐந்தின் நிலையும் ஒன்றாக இராது.

1. கணினியோடு வரும் உரிமம்: புதிய மடிக்கணினியில் முன்பே நிறுவப்பட்டு வரும் விண்டோஸ் ஓ.இ.எம். உரிமம் எனப்படும். 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல் இதன் திறவெண் பெரும்பாலும் தாய்ப்பலகையிலுள்ள நினைவகத்திலேயே பதியப்படுகிறது. இது அந்தக் கணினிக்கு உரியது. வேறு கணினிக்கு மாற்ற இயலாது. புதிய மடிக்கணினி பெரும்பாலும் தனக்கென ஒரு விண்டோஸ் உரிமத்தோடு வருவதால் இந்த இழப்பு அவ்வளவாகத் தெரிவதில்லை. ஆனால் கணினியுடன் சேர்த்தே தரப்பட்ட ஒருமுறை விலை அலுவலக மென்பொருளும் இதே வகையைச் சேர்ந்தது என்பதைப் பலர் திருட்டுக்குப் பிறகே அறிகின்றனர்.

2. சில்லறை உரிமம்: தனியாக விலை கொடுத்து வாங்கிய விண்டோஸ் அல்லது ஆபீஸ் இவ்வகை. ஒரே நேரத்தில் ஒரு கணினி என்ற வரம்புக்குள் இதை வேறு கணினிக்கு மாற்றிக்கொள்ளலாம். 2016-இல் வந்த விண்டோஸ் 10 மேம்பாட்டிலிருந்து இந்த உரிமத்தைப் பயனரின் மைக்ரோசாப்ட் கணக்குடன் இணைத்து வைக்கும் வசதி உள்ளது. திருட்டுக்கு முன்பே இணைத்திருந்தால், புதிய கணினியில் அதே கணக்கில் நுழைந்து, செயல்படுத்தல் சிக்கல் தீர்க்கும் பகுதியில் வன்பொருள் மாறியதாகக் குறிப்பிட்டு மீட்க முயலலாம். இணைக்காதிருந்தால் திறவெண்ணும் ரசீதும் கொண்டு நிறுவனத்தின் உதவிப் பிரிவை நாட வேண்டும்.

3. கணக்கு வழிச் சந்தா: மைக்ரோசாப்ட் 365, அடோபி கிரியேட்டிவ் கிளவுட் போன்றவை ஆளுக்கு வழங்கப்படுபவை. புதிய கணினியில் மென்பொருளை இறக்கி, தம் கணக்கில் நுழைந்தால் போதும். அடோபி தனிநபர் சந்தாவை இரண்டு கணினிகளில் செயல்படுத்தலாம். மூன்றாவதில் நுழையும்போது பழையவற்றிலிருந்து வெளியேறும்படி கேட்கும். திருட்டுப்போன கணினியை நீக்குவதற்கு அதுவே வாய்ப்பு. திருட்டில் மிகக் குறைந்த சிரமம் தரும் வகை இதுதான். ஆனால் கணக்கின் கடவுச்சொல்லும், மீட்புக்கான கைப்பேசி எண்ணும் தம் வசம் இருக்க வேண்டும்.

4. வன்பூட்டு உரிமம்: ஜவுளி வடிவமைப்பு மென்பொருள்களில் சில, யு.எஸ்.பி. துளையில் செருகும் டாங்கிள் என்ற சிறு கருவி இருந்தால் மட்டுமே இயங்கும். கருவியைக் கழற்றி எந்தக் கணினியிலும் செருகலாம் என்பதால் கணினி மாற்றுவதில் இது மிக எளிது. ஆனால் மடிக்கணினியில் செருகியபடியோ அதே பைக்குள்ளோ இருந்து களவு போயிருந்தால் நிலைமை தலைகீழாகிவிடும். டாங்கிளையே உரிமமாகக் கருதும் நிறுவனங்கள் உண்டு. பழுதானதைத் திருப்பிக் கொடுத்தால் மாற்றித் தரும் அவர்கள், தொலைந்ததற்குப் புதிய உரிமம் வாங்கச் சொல்லக்கூடும். இந்த ஐந்தில் மிகப் பெரிய இழப்பு இங்கேதான் நேரும்.

5. வரிசை எண்ணும் ஒப்படைப்பும்: பெங்களூரைச் சேர்ந்த டேலி சொல்யூஷன்ஸ் நிறுவனத்தின் டேலி, வரிசை எண்ணையும் பதிவு செய்த மின்னஞ்சலையும் கொண்டு செயல்படுத்தப்படுகிறது. கணினி மாற்றும்போது பழையதில் உரிமத்தை ஒப்படைத்துவிட்டுப் புதியதில் மீண்டும் செயல்படுத்துவது வழக்கம். திருட்டில் ஒப்படைக்க வழியில்லை. அப்போது வரிசை எண், பதிவு மின்னஞ்சல், ரசீது ஆகியவற்றுடன் நிறுவனத்தின் உதவிப் பிரிவையோ விற்றவரையோ அணுக வேண்டும். விற்றவர் தம் மின்னஞ்சலையே பதிவு செய்திருந்தால் இங்கே தடை ஏற்படும். வாங்கும்போதே உரிமையாளரின் மின்னஞ்சலைக் கொடுப்பது நல்லது.

முதல் நாளில் செய்ய வேண்டியவை

உரிமத்தை மீட்பதைவிட அவசரமானது, பழைய கணினி வழியாகப் பிறர் நுழைவதைத் தடுப்பது. வேறொரு கணினியிலிருந்தோ கைப்பேசியிலிருந்தோ முதலில் மின்னஞ்சலின் கடவுச்சொல்லை மாற்ற வேண்டும். மற்றக் கணக்குகளின் கடவுச்சொற்களை மீட்கும் வழி மின்னஞ்சலே என்பதால் அது முதலில் வருகிறது. அடுத்து வங்கி, மென்பொருள் கணக்குகளின் கடவுச்சொற்களை மாற்றி, 'எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு' என்ற வசதியைப் பயன்படுத்த வேண்டும். அதன்பின் கணக்கிலுள்ள கருவிகள் பட்டியலிலிருந்து திருட்டுப்போன கணினியை நீக்கலாம். நீக்கும் முன் அதன் பெயர், வரிசை எண் ஆகியவற்றைக் குறித்துக்கொள்வது நல்லது. காவல் நிலையத்தில் அவை தேவைப்படும்.

வங்கிக் கணக்கிலிருந்து பணம் எடுக்கப்பட்டிருந்தால் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணுக்கு உடனே தெரிவிக்க வேண்டும். வரி தாக்கல் செய்யப் பயன்படும் மின் கையொப்பக் கருவியும் களவு போயிருந்தால், அதை வழங்கிய சான்றளிப்பு நிறுவனத்துக்குத் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 42-ஆம் பிரிவு இதைக் கடமையாகவே விதிக்கிறது.

காவல் நிலையப் புகார்

திருட்டுக்கு எழுத்துச் சான்று இல்லாமல் உரிமத்தை மாற்றித் தர மென்பொருள் நிறுவனங்கள் தயங்கலாம். ஒரே உரிமத்தை இரண்டு கணினிகளில் பயன்படுத்த விரும்புபவரும் கணினி காணாமற்போனதாகச் சொல்லக்கூடும் அல்லவா? காப்பீடு கோரவும் காவல் துறையின் ஆவணம் தேவை.

தமிழ்நாட்டில் புகார் கொடுத்ததும் சி.எஸ்.ஆர். எனப்படும் சமுதாயப் பணிப் பதிவேட்டு ரசீது தரப்படுவது வழக்கம். இது புகார் பெறப்பட்டதற்கான சான்று. முதல் தகவல் அறிக்கை அதிலிருந்து வேறானது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவு அதைப் பற்றியது. சம்பவம் எந்தக் காவல் நிலைய எல்லையில் நடந்திருந்தாலும் தகவல் தரலாம். மின்னணு வழியில் அனுப்பினால் மூன்று நாட்களுக்குள் கையொப்பமிட வேண்டும். அறிக்கையின் நகல் தகவல் தந்தவருக்கு இலவசமாகத் தரப்பட வேண்டும். பதிவு செய்ய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுதலாம். திருட்டுக்குரிய தண்டனை பாரதிய நியாய சன்ஹிதாவின் 303-ஆம் பிரிவிலும், குடியிருக்கும் வீட்டிலோ பேருந்து போன்ற ஊர்தியிலோ நடந்த திருட்டுக்குரியது 305-ஆம் பிரிவிலும் உள்ளன.

புகாரில் கணினியின் நிறுவனம், மாதிரி, வரிசை எண், வாங்கிய நாள், விலை ஆகியவற்றைக் குறிப்பிட வேண்டும். வரிசை எண் கணினியின் அடிப்பக்கத்தில் மட்டுமின்றி அட்டைப் பெட்டியிலும் பல ரசீதுகளிலும் இருக்கும். அதில் இருந்த முக்கிய மென்பொருள்களையும் டாங்கிளையும் தனித்தனியே எழுதுவது அவசியம். மடிக்கணினி என்று மட்டும் எழுதிவிட்டால், டாங்கிளும் களவு போனது என்பதைப் பின்னர் மென்பொருள் நிறுவனத்திடம் காட்ட ஆவணம் இராது.

கைப்பேசிகளைத் தடுக்கும் சி.இ.ஐ.ஆர். வசதி ஐ.எம்.இ.ஐ. எண்ணை அடிப்படையாகக் கொண்டது. பொதுவான மடிக்கணினிகளில் அந்த எண் இல்லாததால் அவற்றுக்கு அது பயன்படாது.

நிறுவனத்துக்கு எழுதும் கடிதம்

தொலைபேசியில் பேசினாலும் மின்னஞ்சலிலும் எழுதுவது நல்லது. கடிதத்தில் இடம்பெற வேண்டியவை:

- உரிமையாளர் பெயர், பதிவு செய்த மின்னஞ்சல்
- மென்பொருளின் பெயர், பதிப்பு, வரிசை எண் அல்லது திறவெண்
- வாங்கிய நாள், விற்றவர் பெயர், ரசீது நகல்
- திருட்டு நடந்த நாள், காவல் நிலையம், அறிக்கை எண், அதன் நகல்
- பழைய கணினியின் பதிவை நீக்கும்படியும் புதிய கணினியில் செயல்படுத்த அனுமதிக்கும்படியும் வேண்டுகோள்
- பழைய கணினி மீண்டும் கிடைத்தால் அதிலுள்ள படியை நீக்கிவிடுவதாக உறுதிமொழி

கடைசி வரி முக்கியமானது. ஓர் உரிமம், ஒரு கணினி என்ற ஒப்பந்தத்தை மதிப்பதாக அது நிறுவனத்துக்குத் தெரிவிக்கிறது.

சட்ட நிலை

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இல், 1984-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் கணினி நிரல்கள் இலக்கியப் படைப்புகளின் வரையறைக்குள் சேர்க்கப்பட்டன. இச்சட்டத்தின் 52-ஆம் பிரிவு, நிரலின் ஒரு படியைச் சட்டப்படி வைத்திருப்பவர், இழப்பு, அழிவு, சேதம் ஆகியவற்றிலிருந்து தற்காலிகப் பாதுகாப்பாகக் காப்பு நகல் எடுப்பதை அனுமதிக்கிறது. எனவே நிறுவும் கோப்பின் நகலைத் தனி வட்டில் வைத்திருப்பது குற்றமன்று. ஆயினும் அந்த நகலை வேறு கணினியில் செயல்படுத்தித் தர வேண்டுமா என்பது உரிம ஒப்பந்தத்தைப் பொறுத்தது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2012 ஜூலை 3-இல் ஆரக்கிள் நிறுவனம் தொடர்பான யூஸ்டுசாப்ட் வழக்கில் தீர்ப்பளித்தது. காலவரம்பில்லாமல் விற்கப்பட்ட மென்பொருள் உரிமத்தை வாங்கியவர் மறுவிற்பனை செய்யலாம். ஆனால் விற்கும்போது தம்மிடமுள்ள படியைப் பயன்படாதபடி செய்துவிட வேண்டும் என்றது. ஓர் உரிமத்தில் இரண்டு படிகள் இயங்கக் கூடாது என்ற கொள்கையே இங்கும் அடிப்படை.

பூட்டு உடைத்த படிகள்

நிறுவனத்திடமிருந்து பதில் தாமதமாகும்போது, பூட்டு உடைத்த படியைச் சில நாட்களுக்குப் பயன்படுத்தலாம் என்ற எண்ணம் எழுவது இயல்பு. 'பணம் கொடுத்துத்தானே வாங்கினேன்' என்ற நியாயமும் துணைக்கு வரும். ஆனால் உரிமம் இருப்பது மீறல் படியைச் சட்டப்படியானதாக ஆக்கிவிடாது. மீறல் படி என்று அறிந்தே கணினியில் பயன்படுத்துவதற்குப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு ஏழு நாட்களுக்குக் குறையாத, மூன்று ஆண்டுகள் வரையிலான சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. வணிக ஆதாயத்துக்காக அல்லாமல் பயன்படுத்தியிருந்தால் நீதிமன்றம் சிறையின்றி 50,000 ரூபாய் வரை அபராதம் மட்டும் விதிக்கலாம்.

இத்தகைய படிகளில் தீநிரல்கள் ஒளிந்திருப்பதும் உண்டு. கணினியை இழந்தவர் வடிவக் கோப்புகளையும் இழக்க நேரிடலாம். காத்திருக்கும் நாட்களுக்கு, நிறுவனம் தரும் சோதனைப் பதிப்பைக் கேட்டுப் பெறுவதே நேர்மையான வழி.

கட்டற்ற மென்பொருள்

திறவெண்ணும் செயல்படுத்தலும் இல்லாத கட்டற்ற மென்பொருளுக்கு உரிம மாற்றம் என்ற சிக்கலே எழுவதில்லை. எத்தனை கணினிகளிலும் நிறுவிக்கொள்ளலாம். அலுவலக வேலைக்கு லிப்ரே ஆபீஸ், படம் திருத்த கிம்ப், கோட்டோவியத்துக்கு இங்க்ஸ்கேப், கணக்கெழுத இந்தியாவில் உருவான குனு காதா ஆகியவை எடுத்துக்காட்டுகள்.

கைத்தறிக்கென டிஜிபுனாய் என்ற திறந்த மூல மென்பொருளை, இந்திய அரசின் மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் கீழுள்ள டிஜிட்டல் இந்தியா கார்ப்பரேஷன் உருவாக்கியுள்ளது. ஜக்கார்டு, டாபி வடிவங்களை இதில் வரைந்து தறிக்கேற்ற வரைபடமாக மாற்றலாம். இத்தகைய மென்பொருள் பற்றியும் பயிற்சி பற்றியும் காஞ்சிபுரத்திலுள்ள நெசவாளர் சேவை மையத்தில் கேட்டறியலாம். வணிக மென்பொருளையே முதன்மையாகப் பயன்படுத்துவோரும், உரிமம் திரும்பக் கிடைக்கும்வரை வேலை நிற்காமலிருக்க இதைப் பழகி வைக்கலாம்.

மாணவர்களுக்கு

தமிழ்நாடு அரசு 2011 செப்டம்பர் 15 முதல் மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸுடன், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்சும் இருந்தது. அத்தகைய மடிக்கணினி களவு போனால் விண்டோஸ் உரிமம் அதோடு போய்விடும். பாஸ் லினக்சைக் கட்டணமின்றி மீண்டும் இறக்கிக்கொள்ளலாம்.

கல்லூரி வழங்கும் மென்பொருளின் உரிமம் கல்லூரியுடையது. மாணவர் மென்பொருள் நிறுவனத்துக்கு எழுதுவதில் பயனில்லை. கல்லூரியின் கணினிப் பிரிவுக்குத் தெரிவித்தால் அவர்கள் பழைய கணினியை நீக்கிப் புதியதற்கு அனுமதி தருவார்கள். தனி மின்னஞ்சலில் பெற்ற கல்விச் சந்தாவை அதே கணக்கில் நுழைந்து தொடரலாம்.

முன்னெச்சரிக்கை

உரிம மாற்றத்தின் வெற்றி பெரும்பாலும் திருட்டுக்கு முன்பே முடிவாகிவிடுகிறது. நோட்டுப் புத்தகத்தின் ஒரு பக்கம் இதற்குப் போதும். கணினியின் வரிசை எண், ஒவ்வொரு மென்பொருளின் பெயர், உரிம வகை, வரிசை எண், பதிவு மின்னஞ்சல், வாங்கிய இடம், நாள் ஆகியவற்றை எழுதி, ரசீதுகளுடன் வீட்டுப் பத்திரங்கள் வைக்கும் இடத்தில் வைக்கலாம். கடவுச்சொற்களை அதில் எழுதக் கூடாது. டாங்கிளை வேலை முடிந்ததும் கழற்றி வேறிடத்தில் வைக்க வேண்டும். வாங்கும்போதே 'கணினி தொலைந்தால் உரிமத்தை மாற்றித் தருவீர்களா' என்று கேட்டு, பதிலை எழுத்தில் பெற வேண்டும்.

உரிமம் மீண்டாலும் கோப்புகள் தாமாக மீள்வதில்லை. வடிவக் கோப்புகளைத் தனி வட்டில் நகலெடுத்து, மென்பொருளின் சொந்த வடிவத்தில் மட்டுமின்றிப் பொதுவான படக் கோப்பாகவும் சேமிக்க வேண்டும். அப்போது மென்பொருள் கிடைக்காத நாளிலும் கரையின் கட்டங்களைப் பார்த்து அட்டை அடிக்க முடியும், தறி நிற்காது.